சைபர் செக்யூரிட்டிக்காரர்கள் வேலை மாறும்போது எதைப் பார்க்கிறார்கள்?



பி.காம் படிக்கிற ஆளுக்கு சைபர் செக்யூரிட்டியில் என்ன வேலை என்று நம் வகுப்பில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு ஃபயர்வால் அமைக்கத் தெரியாது. ஹேக் பண்ணவும் தெரியாது. தெரிந்திருந்தால் செமஸ்டர் ரிசல்ட்டுக்கு இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் :-) ஆனால் ஒரு கம்பெனி எதற்குப் பணம் ஒதுக்குகிறது, எதற்கு ஒதுக்க மறுக்கிறது, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நம்முடைய பாடம். இந்தப் பதிவும் அதைப் பற்றியதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்த்தாலும் "சைபர் செக்யூரிட்டிக்கு ஆளே கிடைக்கவில்லை" என்று ஒரே புலம்பல். இந்தத் துறையினருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஐஎஸ்சி2 என்ற அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க சுமார் 48 லட்சம் பேர் பற்றாக்குறை. அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. "உங்கள் டீமில் ஏன் ஆள் குறைவு?" என்று கேட்டதற்கு அதிகம் பேர் சொன்ன காரணம் "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்பது அல்ல. "பட்ஜெட் இல்லை" என்பது! ஆக, ஆள் இல்லை என்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி என்ன? இருக்கிற ஆட்கள் எந்த வேலையை ஏற்கிறார்கள், எதை வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். இந்தத் துறையில் இருக்கும் சில சீனியர்களிடம் பேசியதையும், படித்ததையும் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அனுபவமுள்ள ஆட்கள் இன்டர்வியூவில் கேட்கும் முக்கியமான விஷயங்களில் பாதிக்குக் கம்பெனி ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் பல கம்பெனிகள் சம்பளத்தைக்கூட ஏற்றித் தரத் தயாராக இருக்கின்றன, அந்தச் செலவில்லாத விஷயங்களைத்தான் தர மறுக்கின்றன.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சம்பளத்தை முடித்துவிடுவோம்

"பணம் முக்கியமில்லை, வேலையில் கிடைக்கும் திருப்திதான் முக்கியம்" என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. வீட்டு வாடகை, எஜுகேஷன் லோன், தங்கை கல்யாணம் எல்லாம் இருக்கிற மனிதர்கள்தான் அவர்களும். சம்பளம் சரியில்லை என்றால் யாரும் போக மாட்டார்கள்.

ஆனால் ஐந்தாறு வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு மூன்று இடத்தில் ஆஃபர் வந்தால், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கும். மார்க்கெட் ரேட் என்று ஒன்று இருக்கிறதே! அதற்குமேல் இருபது சதவீதம் அதிகம் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அனுபவசாலி சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுகிறார். போன ஆள் ஏன் போனார்? இந்த நாற்காலி எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது? நம் ஊரில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும் கம்பெனிகள் ஏராளம். அவசரப்பட்டு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் வெளியே வரவே மூன்று மாதம் ஆகும். அதனால் சம்பளம் முதல் வடிகட்டி மட்டும்தான். முடிவைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

"நான் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுவேன்?"

கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் இது நம் ஆடிட்டிங் பாடத்தின் முதல் அத்தியாயம். கேஷியரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று படிக்கிறோமே, இன்டர்னல் செக், அதேதான்.

ஒரு கம்பெனியில் ஐ.டி. பிரிவின் வேலை, சிஸ்டம் எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும், புது ஆப் சொன்ன தேதியில் வெளிவர வேண்டும். செக்யூரிட்டி பிரிவின் வேலை, "இதில் ஓட்டை இருக்கிறது, சரி செய்யாமல் வெளியிடாதீர்கள்" என்று சொல்வது. இரண்டாமவருக்கு அப்ரைசல் போடுபவர் முதலாமவர் என்றால் என்ன ஆகும்? ஓட்டை இருக்கிறது என்ற மெயில் ஐ.டி. தலைவரின் இன்பாக்ஸோடு நின்றுவிடும். மேலே போகாது.

ரிசர்வ் வங்கிக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது. 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஐ.டி. நிர்வாக வழிகாட்டுதலில், வங்கிகளின் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி ஐ.டி. பிரிவின் தலைவருக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதோடு, அவருக்கு எந்த வியாபார டார்கெட்டும் தரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாவது விதியைப் படித்தபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. இத்தனை லோன் கொடுத்தால் போனஸ் என்று காவலாளிக்கு டார்கெட் வைத்தால் அவர் கேட்டை எப்போதும் திறந்தே வைத்திருப்பார், இல்லையா?

ஆனால் தனியாகப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் இருக்கிறது, நம் சிபில் மாதிரி. 2017-இல் அங்கே சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் திருடு போயின. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து 2018 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. அங்கே செக்யூரிட்டி தலைவர் ஐ.டி. தலைவருக்குக் கீழே இல்லை, சட்டப் பிரிவின் தலைவருக்குக் கீழே இருந்தார். செக்யூரிட்டி ஒரு பக்கம், அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டிய ஐ.டி. இன்னொரு பக்கம், இடையில் பெரிய பள்ளம். இது முழுக்கத் தடுத்திருக்கக்கூடிய திருட்டு என்றது அந்த அறிக்கை.

ஆக, கேள்வி "யாருக்குக் கீழே" என்பது மட்டுமல்ல. "நான் சொல்வது முடிவெடுப்பவரின் காதுக்குப் போகுமா, போன பிறகு ஏதாவது நடக்குமா" என்பதுதான். இன்டர்வியூவில் "வருடத்துக்கு எத்தனை முறை போர்டு முன்னால் நேரில் பேச வாய்ப்பு கிடைக்கும்?" என்று கேட்பார்கள். பதில் இழுத்தால் புரிந்துகொள்வார்கள்.

"பொறுப்பு எனக்கு, சரி. அதிகாரம்?"

ஹென்றி ஃபேயால் 1916-இல் எழுதிய 14 கோட்பாடுகளை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். இரண்டாவது கோட்பாடு, அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் இந்தத் துறையில் இன்று சீனியர் பதவிக்குப் போகிறவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். காரணம், கடந்த சில வருடங்களில் நடந்த இரண்டு வழக்குகள்.

முதலாவது ஊபர். 2016-இல் ஹேக்கர்கள் 5.7 கோடி பேரின் தகவல்களை எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, வெளியே சொல்லாமல் அமுக்கியது. 2017 நவம்பரில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றைய செக்யூரிட்டி தலைவர் ஜோ சல்லிவன் மீது வழக்கு நடந்து, 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2023 மே மாதம் சிறைக்குப் பதிலாக 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. மேல்முறையீட்டிலும் 2025-இல் தீர்ப்பு உறுதியானது. நியாயமாகச் சொன்னால், அவர் தண்டிக்கப்பட்டது ஹேக் ஆனதற்காக அல்ல. மறைத்ததற்காகவும், அரசு விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் அன்றைய தலைமை நிர்வாகி மீது இந்த விஷயத்தில் வழக்கே இல்லை என்பதையும் துறையினர் கவனித்தார்கள்.

இரண்டாவது சோலார்விண்ட்ஸ். 2020 டிசம்பரில் வெளிவந்த பெரிய ஊடுருவல். நம் செபி போன்ற அமெரிக்க எஸ்இசி, 2023 அக்டோபரில் கம்பெனி மீது மட்டுமல்லாமல் அதன் செக்யூரிட்டி தலைவர் டிம் பிரவுன் மீதும் தனிப்பட்ட முறையில் வழக்குப் போட்டது. 2024 ஜூலையில் நீதிபதி பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். மிச்சத்தையும் எஸ்இசியே 2025 நவம்பரில் கைவிட்டது. இரண்டு வருடம் அந்த மனிதர் பெயர் கோர்ட் பேப்பரில் இருந்ததற்கு யார் பதில் சொல்வது?

இந்த இரண்டுக்கும் பிறகு, பெரிய பதவிக்கு வருகிறவர்கள் கேட்கும் விஷயங்கள் மாறிவிட்டன. இயக்குநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கம்பெனி எடுக்கும் காப்பீட்டில் என் பெயர் இருக்குமா? வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது? இதெல்லாம் செலவு பிடிக்கும் விஷயங்கள்தான். ஆனால் இவற்றோடு ஒரு சின்ன விஷயமும் கேட்கிறார்கள். "நான் ஒரு ஆபத்தைச் சுட்டிக்காட்டி, நீங்கள் அதைச் சரி செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்த முடிவை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?"

ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இதைத் தர மறுக்கும் கம்பெனி என்ன சொல்லாமல் சொல்கிறது என்று யோசியுங்கள். முடிவு என்னுடையது, பழி உன்னுடையது என்கிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 140-இன்படி ஆடிட்டரைப் பதவிக்காலம் முடியும் முன் நீக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். கசப்பான உண்மையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு தேவை என்று நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே மாதிரி கசப்பான உண்மையைச் சொல்லும் செக்யூரிட்டி ஆளுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

"ஷிஃப்டில் எத்தனை பேர்?"

மேலே சொன்னது பெரிய பதவிக்காரர்கள் கதை. ஓ.எம்.ஆர். ரோட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அலர்ட் பார்க்கும் இளைஞரின் கேள்வி வேறு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால், ஒரு நாற்காலியை 24 மணி நேரமும் நிரப்ப 4.2 பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், பொங்கல், தீபாவளி, டிரெய்னிங் எல்லாம் சேர்த்தால் 5 பேர். ராத்திரியில் ஒருவரைத் தனியாக விடக்கூடாது என்று இரண்டு நாற்காலி போட்டால் 10 பேர். இப்போது "நாங்கள் 24 மணி நேரமும் கண்காணிக்கிறோம், டீமில் ஆறு பேர் இருக்கிறார்கள்" என்று ஒரு கம்பெனி சொன்னால் அர்த்தம் என்ன? யாரோ தூங்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கணக்கைத் துறையில் இருப்பவர்கள் மனதிலேயே போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் "டீம் சைஸ் என்ன?" என்பது அவர்களிடம் சம்பிரதாயக் கேள்வி அல்ல.

அதுவும் இந்த வேலையில் பிரச்சினைகள் நேரம் பார்த்து வருவதில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருளில் ஓட்டை வெளிவந்தபோது, உலகம் முழுக்க செக்யூரிட்டி டீம்களுக்கு வார இறுதியும் போனது, கிறிஸ்துமஸ் விடுமுறையும் போனது. இந்தியாவில் 2022-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தெரிந்தாலும் அதே 6 மணி நேரம்தான்.

அவசரத்துக்கு வேலை செய்ய யாரும் மறுப்பதில்லை. சொல்லப்போனால் அந்தப் பரபரப்பு பிடித்துதான் பலர் இந்தத் துறைக்கே வருகிறார்கள். கேட்பதெல்லாம் இதுதான்: மூன்று ராத்திரி முழித்தால் பிறகு இரண்டு நாள் லீவு தருவீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை அலர்ட் வருகிறது, அதில் எத்தனை பொய் அலர்ட்? அதைக் குறைக்க யாராவது வேலை செய்கிறார்களா, அல்லது "பார்த்துக்கொண்டே இரு" என்பதுதான் திட்டமா?

"படிக்க விடுவீர்களா?"

நம் துறையில் டபுள் என்ட்ரி மாறவே மாறாது. அவர்கள் துறையில் போன வருடம் படித்தது இந்த வருடம் பழசு. அதனால் பரீட்சைக் கட்டணம் யார் கட்டுவார்கள், படிக்க நேரம் கிடைக்குமா என்பது அவர்களுக்குச் சலுகை அல்ல. அது இல்லாவிட்டால் அடுத்த வேலையே கிடைக்காது.

இதில் கம்பெனிகள் செய்யும் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். சிஐஎஸ்எஸ்பி என்ற சான்றிதழ் இருக்கிறது. முழுச் சான்றிதழ் பெற பொதுவாக ஐந்து வருட அனுபவம் வேண்டும். படிப்பு இருந்தால் ஒரு வருடம் குறையும். "ஃப்ரெஷர் வேலை" என்று போட்டுவிட்டு இந்தச் சான்றிதழைக் கேட்கும் விளம்பரங்கள் வருகின்றன! விளம்பரத்தை எழுதியவருக்கே வேலை என்னவென்று தெரியவில்லை என்று துறை ஆட்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு "ஆளே கிடைக்கவில்லை" என்ற புலம்பல். விளம்பரத்தைத் திருத்த எவ்வளவு செலவாகும்? சைபர்!

"போன தடவை அடி வாங்கியபோது என்ன செய்தீர்கள்?"

என்னைக் கேட்டால், எல்லாக் கேள்விகளிலும் இதுதான் சிறந்த கேள்வி.

மறுபடி ஈக்விஃபாக்ஸுக்கு வருகிறேன். 2017 அக்டோபரில் நாடாளுமன்ற விசாரணையில், அப்போது பதவி விலகியிருந்த தலைமை நிர்வாகி என்ன சொன்னார் தெரியுமா? பேட்ச் போட வேண்டும் என்ற தகவலை உரியவருக்குச் சொல்லாமல் விட்ட ஒரு ஊழியரின் தவறும் ஒரு காரணம் என்றார். ஆனால் திருட்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய கருவி, ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் 19 மாதம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. 19 மாதம் யாரும் கவனிக்காத அளவுக்கு இருக்கும் நிர்வாகத்தில், ஒரு மெயிலை ஃபார்வர்ட் செய்யாத மனிதரா பிரச்சினை?

அந்தப் பதிலைக் கேட்ட ஒவ்வொரு செக்யூரிட்டி ஊழியரும் "அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்" என்று நினைத்திருப்பார் இல்லையா? அதனால்தான் இந்தக் கேள்வி. "கடைசியாக ஒரு பிரச்சினை வந்தபோது என்ன கற்றுக்கொண்டீர்கள், என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டால், நல்ல கம்பெனி ரகசியத்தைச் சொல்லாமலேயே மாற்றங்களைச் சொல்லும். "எங்களுக்கு இதுவரை எதுவுமே நடந்ததில்லை" என்று சொல்லும் கம்பெனிக்கு, ஒன்று நடந்தது தெரியாது, அல்லது நமக்குச் சொல்ல விருப்பமில்லை.

மறுபக்கமும் இருக்கிறது

"வேலை கேட்டு வந்தவன் இவ்வளவு கேள்வி கேட்கலாமா? கம்பெனி லாபத்துக்குத்தானே நடத்துகிறோம்? செக்யூரிட்டியால் ஒரு ரூபாய் வருமானம் உண்டா?" என்று ஒரு முதலாளி கேட்கலாம்.

வருமானம் இல்லைதான். அது காஸ்ட் சென்டர். ஆனால் 2018 ஆகஸ்டில் புனேவின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் ஒரு சனிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையுமாக சுமார் 94 கோடி ரூபாய் போனது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. இந்தத் தொகைகளுக்கு முன்னால், ஷிஃப்டுக்கு இன்னும் நான்கு பேர் போடுவது பெரிய செலவா?

சின்னக் கம்பெனிகளால் பெரிய சம்பளமும் பத்து பேர் டீமும் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருப்பூரில் ஐம்பது பேரோடு எக்ஸ்போர்ட் செய்பவரிடம் போய் காப்பீடு எங்கே என்று கேட்க முடியாது. ஆனால் அவராலும் நேரடியாக முதலாளியிடம் பேசும் உரிமையைத் தர முடியும். ஆபத்தை ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட முடியும். தப்பைச் சொன்னவரைத் திட்டாமல் இருக்க முடியும். சொல்லப்போனால், பெரிய கம்பெனிகளோடு ஆள் பிடிக்கும் போட்டியில் சின்னவர்களின் கையில் இருக்கும் ஒரே சீட்டு இதுதான்.

நமக்கு என்ன?

இரண்டு விஷயங்கள்.

ஒன்று, "மூன்று மாதத்தில் சைபர் செக்யூரிட்டி, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்ற நோட்டீஸைப் பார்த்து நம் நண்பர்கள் சிலர் பணம் கட்டத் தயாராக இருக்கிறார்கள். கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம். ஆனால் "என்ன பேக்கேஜ்?" என்று மட்டும் கேட்காதீர்கள். போகும் இடத்தில் ஷிஃப்டில் எத்தனை பேர், ராத்திரி யார் துணை, அடுத்த பரீட்சைக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள். ஃப்ரெஷருக்கு இதையெல்லாம் கேட்கும் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பதிலும் ஒரு தகவல்தான்.

இரண்டு, நம்மில் பெரும்பாலோர் அந்த வேலைக்குப் போக மாட்டோம். அக்கவுன்ட்ஸ், ஃபைனான்ஸ், ஆடிட் என்றுதான் போவோம். பத்து பதினைந்து வருடம் கழித்து ஒரு பட்ஜெட் மீட்டிங்கில் செக்யூரிட்டி தலைவர் வந்து "இன்னும் நாலு ஆள் வேண்டும்" என்று கேட்பார். எதிரில் உட்கார்ந்து "இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லப் போவது நாம்தான். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் சொல்லும்போது அதை எழுத்தில் சொல்லி, கீழே நம் கையெழுத்தையும் போட வேண்டும். ஃபேயாலைப் படித்தவர்களிடம் இதைக்கூட எதிர்பார்க்காவிட்டால் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், நீங்கள் வேலையை வேண்டாம் என்று சொன்ன காரணம் என்ன என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், காரணம் போதும்.